நாலு தெரு காவக்காரன்

ஏன்டா பேராண்டி, நடுராத்திரியில மானிட்டைத் திட்டிக்கிட்டு உக்காந்திருக்க? "நான் ஓட்டுனா ஓடுது தாத்தா, அவன் ஓட்டுனா செத்துப்போகுது"ங்கிற. நீ ஓட்டுனா ஏன் ஓடாது? லாகின் பண்ணதுமே ஜாவா ஹோம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டு, முழ நீளத்துக்கு ஒரு பாத், எல்லாம் உன் டெர்மினல்ல தயாரா வந்து நிக்குது. துரை கையை வீசிட்டு ஸ்கிரிப்டை ஓட்டுவாரு.

மானிட் உன்னை மாதிரி லாகின் பண்ணிட்டா வர்றான்? மெஷின் எந்திரிக்கும்போதே எந்திரிக்கிற காவக்காரன் அவன். பாதுகாப்புக்காக என்விரான்மென்ட் வேரியபிளை எல்லாம் வழிச்சுத் துடைச்சிட்டுத்தான் உன் ஸ்கிரிப்டைக் கூப்பிடுவான். அவனுக்குத் தெரிஞ்சது நாலே தெரு: பின், எஸ்பின், யூஎஸ்ஆர்-பின், யூஎஸ்ஆர்-எஸ்பின். உன் ஸ்கிரிப்ட் கூப்பிடுற நோடு குடியிருக்கிறதோ யூஎஸ்ஆர்-லோக்கல்-பின். தேடிப் பார்த்துட்டு, அப்படி ஒரு ஆளே இல்லைன்னு 127ங்கிற எக்ஸிட் கோடோட திரும்பிருவான். மானிட் கையேட்டுலயே இதெல்லாம் எழுதித்தான் இருக்கு. ஐயாதான் இன்ஸ்டால் பக்கத்தோட மூடிட்டீகளே! கிரானுக்கு மாறிடலாம்னு பாக்காத. டெபியன்ல அவனுக்குத் தெரிஞ்சது ரெண்டே தெரு.

நேத்து இன்னொரு கெட்டிக்காரத்தனம் பண்ணியே, ஸ்கிரிப்ட் தலையில பாஷ்ஆர்சியைச் சோர்ஸ் பண்ணி! உபுண்டுவுல அந்தக் கோப்போட மேல்வரியைப் படிச்சியா? எதிர்ல மனுசன் உக்காந்து டைப் அடிக்கலைன்னா அங்கனயே ரிட்டர்ன். நீ அடியில எழுதிவச்ச எக்ஸ்போர்ட்டை எல்லாம் எவன் படிப்பான்?

சர்வர் ரூம் ஏசியிலயே நரைச்ச தலைடா இது, கேளு. ஸ்கிரிப்டோட மொத வரிகள்லயே பாத்தை நீயே முழுசா எழுது. மத்த வேரியபிளை ஒரு தனிக் கோப்புல போட்டு, 600ன்னு அனுமதி வையி. அதை இழுக்கிறதுக்கு முன்னாடி 'செட் மைனஸ் ஏ' போடு; இல்லைன்னா மதிப்பு ஸ்கிரிப்டுக்குள்ளயே கிடக்கும், அது கூப்பிடுற நோடுக்குப் போய்ச் சேராது. அப்புறம் 'என்வி மைனஸ் ஐ'யோட அந்த நாலு தெருவை மட்டும் பாத்தாக் குடுத்து, உன் கையாலயே ஓட்டிப் பாரு. உன் வண்டவாளம் அங்கயே தெரிஞ்சிரும்.

பாஸ்வேர்டு இருக்கிற அந்தக் கோப்பை மட்டும் கிட்ல ஏத்திப்புடாத ராசா. நாளைக்கு அதுக்கும் மானிட்டைத்தான் திட்டுவ.