நாலாம் பாடம் சித்திரம்

செவ்வாய்க்கிழமை நாலாம் பாடம் சித்திரம் என்று நேரசூசியில் இருக்கிறது. சிவப்பு மையில், கட்டம் போட்டு, மணிமணியான எழுத்து. கல்முனைப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில், தரம் ஐந்தில், இந்த வருஷம் நடந்த சித்திர வேலை அந்த எழுத்து மட்டும்தான்.

மணி அடித்ததும் பஸ்டல் பெட்டியைத் திறந்தாள் ஒருத்தி. “மூடு புள்ள, பேப்பர் செய்யணும்” என்றார் சேர். புலமைப்பரிசில் சோதினை வருஷமல்லவா! அவள் வீட்டில் வாப்பா தும்முவதற்கும் அனுமதி கேட்க வேணும்.

பேப்பரில் ஓர் எண்கோலம்: 3, 6, 12. “ஏன் சேர் இரட்டிக்குது?” “ஏனென்று கேட்கல்ல. அடுத்தது என்னென்றுதான் கேட்டிருக்கு.” சரிதான். முதலாம் வினாத்தாளில் 40 கேள்விக்கு ஒரு மணித்தியாலம். ‘ஏன்’ என்பதற்கு அதில் நிமிஷம் ஒதுக்கவில்லை.

அவளின் மூத்தவாப்பா மருதமுனையில் தறி நெய்தவர். சாரனின் கட்டத்துக்குச் சிவப்பு எத்தனை இழை, கறுப்பு எத்தனை இழை, கோலம் எங்கே திரும்ப வேணும் என்பதெல்லாம் பாவு ஓட்டும்போதே அவர் எண்ணி முடித்திருப்பார். ஓர் இழை பிசகினாலும் துணி காட்டிக்கொடுத்துவிடும். அது சித்திரமா, கணிதமா என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. பக்கத்துக் காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள் விஞ்ஞானப் பட்டதாரி. பழைய யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டே மீட்டெடுத்து 1947இல் ‘யாழ் நூல்’ தந்தார். நல்லவேளை, 1892இல் பிறந்துவிட்டார். இப்போதென்றால், “யாழெல்லாம் சோதினைக்குப் பிறகு மகன்” என்று பேப்பர் கிளாசுக்கு ஏற்றியிருப்போம்.

இத்தனை பாட்டுக்கும், வசதி குறைந்த வீட்டுப் பிள்ளை சித்தியடைந்தால் கிடைக்கும் உதவித்தொகை மாதம் 750 ரூபாயாக இருந்தது. 2025 வரவு செலவுத் திட்டத்தில் 1500 ஆக்கினார்கள். டியூசன், கருத்தரங்கு, மாதிரி வினாத்தாள், ஓட்டோக் கூலி எல்லாவற்றையும் அதோடு வைத்துக் கழித்துப் பார்க்கத் தெரிந்த பெற்றோரை நான் இன்னும் காணவில்லை. கணிதத்துக்காகத்தான் சித்திரத்தைப் பலி கொடுத்தோம் என்கிறார்கள்.

2024 செப்டம்பரில் இதே புலமைப்பரிசிலின் மூன்று கேள்விகள் சோதினைக்கு முன்பே வெளியே வந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. டிசம்பர் 31இல் தீர்ப்பு: அந்த மூன்றுக்கும் எல்லாருக்கும் புள்ளி. கசியவிட்டது பெரியவர்கள், பெறுபேறு வராமல் மாதக்கணக்கில் தவித்தது பத்து வயசுப் பிள்ளைகள்.

பெறுபேறு வந்தால் மதிலெல்லாம் பதாகை. சித்தியடைந்த பிள்ளைகளின் படத்தைவிட வாழ்த்துகிறவர்களின் படம் பெரிது. வெட்டுப்புள்ளிக்கு ஒரு புள்ளி குறைந்தவளும் நாளைக்கு அதன் கீழாலேதான் நடந்து போக வேணும். வெட்கம் கெட்டவர்களே, அவளுக்கு இன்னும் பால்பல்லே விழுந்து முடியவில்லை.

பஸ்டல் பெட்டிக்காரி பேப்பரைச் சேரிடம் கொடுத்தாள். எண்கோலத்துக்குப் பக்கத்து வெற்றிடத்தில் அடிமட்டம் வைத்துச் சாரன் கரை ஒன்று வரைந்திருந்தாள்: மூன்று இழை, ஆறு இழை, பன்னிரண்டு இழை. நாலாவதற்குத் தாள் போதவில்லை. சேர் சிவப்புப் பேனையால் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். கீழே எழுதினார்: கிறுக்கக் கூடாது.