கை மட்டும் தெரிந்தால் போதும்

நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடைக்குப் போனால் மூன்றாவது சுற்றில் அவர் பிடித்துவிடுவார். "நேத்து ராத்திரி யோசிச்சேன் சார். அந்த நடிகரும் சரிப்பட மாட்டார்."

எதற்கு என்று கேட்கத் தேவையில்லை. 'இரும்புக்கை மாயாவி' தன் கனவுப் படம் என்று லோகேஷ் கனகராஜ் பேட்டியில் சொன்ன நாளிலிருந்து, மயிலாப்பூரில் தெருவுக்கு ஒருவர் சம்பளமில்லாமல் நடிகர் தேர்வு நடத்திவருகிறார். எங்கள் தெருவுக்கு வாய்த்தவர் வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இத்தனை வருஷம் கடன் மனுக்களை நிராகரித்த அனுபவம் இப்போது நடிகர்கள் மேல் பாய்கிறது.

"சூர்யா?"

"கண்ணாலயே நடிக்கிறவர். மறைஞ்ச பிறகு எதால நடிப்பார்?"

"விக்ரம்?"

"பாவம், ஆறு மாசம் உடம்பை ஏத்தி இறக்கிட்டு வருவார். யார் கண்ணுக்குத் தெரியப்போகுது?"

"பார்த்திபன்?"

கொஞ்சம் யோசித்தார். "'ஒத்த செருப்பு'ல ஒரே ஆளா நின்னு காட்டிட்டார். இது ஆளே இல்லாத படம். அடுத்த கட்டம்தான்... ஆனா பேசாம இருக்கணுமே."

1972-ல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தன் முதல் இதழாக மாயாவியை இறக்கியபோது இவர் ஒண்ணாம் வகுப்பு. மாயாவியான லூயிஸ் கிராண்டேலின் உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் ஆள் மறைந்துவிடுவார், வலது கை மட்டும் அந்தரத்தில் மிதக்கும். பிரிட்டனில் 'வேலியன்ட்' வார இதழுக்காக 1962-ல் உருவான ஆள் என்று நான் ஒருமுறை சொல்லித் தொலைத்தேன். "பொறந்தது அங்க சார். வளர்ந்தது சிவகாசியில" என்றார். அதற்கு மேல் பேச்சில்லை.

என் கவலை வேறு. கை மட்டும் தெரியும் நாயகனுக்கு நாற்பதடி கட்-அவுட் வைத்தால் சத்தியமூர்த்தி பவனில் பட்டாசு வெடிப்பார்கள். தேர்தல் நேரமாக இருந்தால் ஆணையம் வந்து துணி போட்டு மூடிவிட்டுப் போகும். பாலாபிஷேகத்தை எந்த விரலில் ஆரம்பிப்பது என்று ரசிகர் மன்றத்தில் கோஷ்டித் தகராறு வரும்.

அடையாற்றிலிருந்து ஞாயிறுதோறும் வரும் அவருடைய அக்கா மகன் தூர்தர்ஷனில் ஹீ-மேன் பார்த்து வளர்ந்தவன். நாற்பத்தைந்து வயதிலும் குடையை உருவும்போது வாளை உருவுகிற தோரணை. மாமா அவனை அடக்க வைத்திருக்கும் ஆயுதம் 1987-ல் வந்த ஹீ-மேன் படம். "டால்ஃப் லண்ட்கிரன் நடிச்சானே, என்ன ஆச்சு? ஈட்டர்னியாக் கிரகத்து வீரனைக் கூட்டிட்டு வந்து கலிஃபோர்னியாவுல இறக்கி விட்டுட்டான். ஏன்? கிரகத்துக்கு செட்டு போட காசில்லை. நம்ம ஆளுங்க என்ன பண்ணுவாங்க? மாயாவிக்குப் பொள்ளாச்சியில ஒரு தங்கச்சி வச்சு, அவளுக்குக் கல்யாணமும் வச்சுருவாங்க." மருமகன் வாய் திறக்காமல் இன்னொரு வடையை எடுத்துக்கொண்டான்.

ஜனவரியில் நந்தனம் புத்தகக் காட்சிக்குப் போய் லயன்-முத்து அரங்கில் மறுபதிப்புகளை அள்ளி வருவார். வீட்டுக்கு வந்து முகர்ந்து பார்த்து, "தாள் நல்லா இருக்கு, வாசனை இல்லை" என்பார். பழையவை பீரோவில் அந்துருண்டையோடு பிளாஸ்டிக் உறைக்குள் இருக்கின்றன. லஸ் நடைபாதையில் வாங்கிய 'பாம்புத் தீவு' பிரதியில் கடைசித் தாள் கிடையாது. அதற்கு இவரே ஏழெட்டு முடிவு எழுதி வைத்திருக்கிறார். அரங்கில் முழுப் புத்தகம் கிடைத்த வருஷம் வாங்காமல் திரும்பிவிட்டார்.

இத்தனைக்கும், பல்பு மாற்ற வேண்டுமென்றால் மெயினை அணைத்து, ரப்பர் செருப்பு மாட்டி, பிளாஸ்டிக் ஸ்டூலில் ஏறி நின்று, கடைசியில் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுகிற மனிதர். சின்ன வயதில் மாயமாகும் ஆசையில் பிளக்கில் கம்பியை விட்டவர் என்று அவர் மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். மறையவில்லை. அப்பா கையில் அகப்பட்டார்.

போன வாரம் அவர்கள் வீட்டில் காபி குடித்துக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. கும்மிருட்டு. செல்போன் டார்ச்சைப் பிடித்த ஒரு கை மட்டும் பீரோ பக்கமாக நகர்ந்தது.

"ஏங்க, கை மட்டும்தான் தெரியுது! நீங்களே நடிச்சுடலாம்" என்றார் மனைவி.

கை அந்தரத்தில் நின்றது.

"தப்பு. கரண்ட் பாஞ்சாத்தான் அவர் மறைவார். இது கரண்ட் போனதால."