காக்கிக்கு இரண்டு மடங்கு

கேள்வி: ஹெல்மெட் போடாவிட்டால் நம்மை மடக்கும் போலீஸ்காரரே சில நாள் வெறுந்தலையோடு பைக்கில் பறக்கிறாரே, சட்டம் எல்லோருக்கும் ஒன்றுதானே?

பதில்: ஒன்றில்லை, அவருக்கு இரண்டு மடங்கு! 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 210பி பிரிவைப் பாருங்கள்: சட்டத்தை அமல்படுத்துபவரே மீறினால் அபராதம் இரட்டிப்பு. தமிழ்நாட்டில் நமக்கு 1,000 ரூபாய் என்றால் அவருக்கு 2,000. 129-ஆம் பிரிவு, தலைப்பாகை கட்டிய சீக்கியருக்கு விலக்குத் தருகிறது. காக்கித் தொப்பிக்குத் தரவில்லை. தார்ச்சாலையும் தொப்பியைப் பார்த்து சல்யூட் அடிக்காது. இரட்டிப்பு அபராதம் விதிக்கும் 210பி மிக நியாயமான பிரிவு. சிக்கல் எங்கே என்றால், சலான் போட வேண்டியவர் அவருடைய சக போலீஸ்காரர். அப்படி எத்தனை சலான் போட்டார்கள் என்று மாதாமாதம் ஸ்டேஷன் வாசலில் எழுதி ஒட்டட்டும். ஒட்டாவிட்டால் நாமே கேட்கலாம். தகவல் உரிமைச் சட்டம் 2005 முதல் நம் கையில் இருக்கிறது.