ஆடியோ கேட்குதா டாக்டர்?

ஆரம்ப சுகாதார நிலைய டாக்டருக்குக் காலை 11 மணிக்கு இணையவழிப் பயிற்சி. வெளியே புறநோயாளி வரிசை வேப்பமரம் வரை நீண்டிருக்கும். செல்போனை பிபி மெஷின்மேல் சாய்த்து, கேமராவை அணைத்து, மைக்கை மூடிவிட்டால் போதும். அவர் 'கலந்துகொண்டவர்' ஆகிவிடுவார்.

"எல்லாருக்கும் ஆடியோ கேட்குதா?" என்பதில் பத்து நிமிஷம் கழியும். பிறகு நிபுணர் ஸ்லைடை நமக்கு வாசித்துக் காட்டுவார், டாக்டர்களுக்கு எழுத்து தெரியாது என்பதுபோல. யாரோ மைக்கை மூட மறக்க, "எத்தனை நாளா பேதி? ரத்தம் கலந்து போகுதாம்மா?" என்ற குரல் மாவட்டம் முழுக்க ஒலிக்கும். அன்றைய கூட்டத்தில் நடந்த ஒரே மருத்துவம் அதுதான். வருகைப்பதிவு லிங்க் கடைசி ஐந்து நிமிஷத்தில் வரும். அப்போது பார்க்கவேண்டும், தூங்கிய போன்களெல்லாம் எழுந்துகொள்ளும் அழகை!

இணையவழிப் பயிற்சியை உருப்படியாக நடத்த வழி தெரியாமல் இல்லை. 2003-இல் நியூ மெக்சிகோவில் டாக்டர் சஞ்சீவ் அரோரா தொடங்கிய 'எக்கோ' திட்டத்தில், கிராமத்து டாக்டர் தன் நோயாளியின் சிக்கலைச் சொல்வார். நிபுணரும் மற்றவர்களும் கூடி யோசிப்பார்கள். அப்படிப் பழகியவர்கள் ஹெபடைடிஸ் சி-க்கு அளித்த சிகிச்சை, பல்கலைக்கழக மருத்துவமனைக்கு நிகரான பலன் தந்தது என 2011-இல் ஆய்வும் வெளிவந்தது.

நம் நிபுணரும் அதை அறிவார். 74-ஆவது ஸ்லைடில் வைத்திருந்தார். 31-ஆவதிலேயே நேரம் முடிந்துவிட்டது.