மாமூலாக நடப்பது

டீக்கடை பெஞ்சில் தினமும் இருவர் மோதுகிறார்கள். ஒருவர் சந்தைக் கட்சி. அரசாங்கம் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் நாடு தானாக உருப்பட்டுவிடும் என்பார். மற்றவர் சிவப்புத் துண்டு. ஆணி முதல் ஆகாய விமானம் வரை அரசாங்கமே நடத்த வேண்டும். பெஞ்சு ஆடும். டீ ஆறும்.

எதிரே தள்ளுவண்டியில் வடை சுடும் அம்மா இரண்டு சித்தாந்தத்தையும் கேட்டபடி பொட்டலம் மடிக்கிறார். ஒரு பைக் அணைக்கப்படாமல் காத்திருக்கிறது. மேலே காக்கி. பொட்டலம் கைமாறுகிறது. அதோடு, நாலாக மடித்த நூறு ரூபாயும். வடைக்குக் காசு? கேட்டால் வண்டி இருக்காது.

நாட்டில் ஒழுங்காக நடக்கும் ஒரே பொருளாதாரம் இதுதான். பாக்கி கிடையாது. ஆட்சி மாறினாலும் கொள்கை மாறாது. விகிதத்தைப் பேசி முடிக்க ஜிஎஸ்டி கவுன்சில் கூட வேண்டாம்.

இந்த அம்மாவைக் காக்கச் சட்டம் இல்லாமலா? 2014-லேயே போட்டாயிற்று. தெருவோர வியாபாரிகளைக் கணக்கெடு, சான்றிதழ் கொடு, அதுவரை யாரையும் அப்புறப்படுத்தாதே. சான்றிதழ்படி கடை போட்டவரைப் போலீஸ்கூடத் தடுக்கக் கூடாது. 2020-ல் ஸ்வநிதித் திட்டம் வந்தது. அப்போது முதல் கடன் பத்தாயிரம் ரூபாய். ஓர் அரசாங்கம் கடன் கொடுக்கும். இன்னோர் அரசாங்கம் வண்டியை லாரியில் அள்ளும். தவணை மட்டும் நிற்காது.

பெரிய கடனுக்கு வேறு இலக்கணம். 2022 மார்ச் வரையிலான ஐந்து நிதியாண்டுகளில் வங்கிகள் கணக்கிலிருந்து நீக்கிய வாராக்கடன் 10 லட்சம் கோடிக்கு மேல். நாடாளுமன்றத்திலேயே சொன்ன கணக்கு. இது தள்ளுபடி இல்லையாம், வசூல் தொடருமாம். வடைக்கார அம்மாவுக்கு இந்தத் தமிழை யாரும் சொல்லித் தரவில்லை.

தொழிலதிபர் விஜய் மல்லையாவுக்கு முதலில் ‘பிடித்து வை’ என்றுதான் சிபிஐ லுக்-அவுட் நோட்டீஸ் போட்டது. பிறகு ‘தகவல் மட்டும் சொல்’ என்று மாற்றியது. 2016 மார்ச்சில், 9,000 கோடிக்கு மேல் வங்கிக்கடன் பாக்கியோடு, மாநிலங்களவை உறுப்பினராகவே அவர் விமானம் ஏறினார். தகவல் சொல்லியிருப்பார்கள்.

2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு செல்போன் கடை. ஊரடங்கு நேரம் தாண்டித் திறந்திருந்ததாம். ஜெயராஜையும் மகன் பென்னிக்ஸையும் போலீஸ் பிடித்தது. இவர்களுக்கு எந்த நோட்டீஸையும் யாரும் மாற்றவில்லை. சில நாட்களில் இருவரும் பிணம். ஸ்டேஷன் கேமரா? பதிவை வைக்க ஒரு டெராபைட் இடம் இருந்தது. ஆனால் தினமும் தானாக அழியும்படி வைத்திருந்தார்கள் என்று மாஜிஸ்திரேட் அறிக்கை சொன்னது.

பெஞ்சில் இப்போது வளர்ச்சி விகிதம் பற்றிய சண்டை. பைக் திரும்பி வருகிறது. சண்டை நிற்கிறது. சந்தையும் சிவப்புத் துண்டும் சேர்ந்தே எழுந்து வழி விடுகிறார்கள்.

சட்னி வைக்க மறந்துவிட்டாராம்.