அரை அங்குலக் கவலை

நியூ ஜெர்சி போன்ற அமெரிக்கப் புறநகர்களில் தெருவுக்கு ஒருவராவது இப்படி இருப்பார். கொல்லையில், தரைக்கு மேலே வட்டமாகத் தகரச் சுவர் நிறுத்தி, உள்ளே வினைல் லைனர் விரித்த 24 அடிக் குளம் வைத்திருப்பார். மே மாதக் கடைசித் திங்கட்கிழமை, மெமோரியல் டே வந்தால் அக்கம்பக்கத்துக் குளங்களிலெல்லாம் பிள்ளைகள் குதிக்கும். நம்மவர் குதிக்க மாட்டார். ஏணி மேல் நின்று தண்ணீர் மட்டத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

“நேற்று இதைவிட மேலே இருந்தது.”

வெயிலில் நாளுக்குக் கால் அங்குலம் ஆவியாவது சகஜம் என்று சொல்லிப் பாருங்கள், முகம் சுண்டிவிடும். ஆவி என்பது சோம்பேறிகளின் சாக்கு என்பது அவர் கட்சி. ஓர் அங்குலம் இறங்கினால் அந்தக் குளத்தில் சுமார் 280 கேலன், அதாவது ஆயிரம் லிட்டருக்கு மேல் போச்சு என்று மனக்கணக்கிலேயே சொல்வார்.

அடுத்து வாளி வரும். குளத்துத் தண்ணீரையே மொண்டு ஏணிப்படியில் வைத்து, வாளிக்கு உள்ளே ஒரு கோடு, வெளியே குளத்து மட்டத்தில் ஒரு கோடு போடுவார். 24 மணி நேரத்தில் இரண்டும் ஒரே அளவு இறங்கினால் வெயிலின் வேலை. வெளிக்கோட்டில் கூடுதலாக இறங்கினால் ஓட்டை. அதுவரை குளத்தில் யாரும் கால் நனைக்கக் கூடாது. ஜூலை வெயில் கொளுத்தும்; பெற்ற பிள்ளைகள் நீச்சலுடையோடு வாளியை முறைத்துக்கொண்டு நிற்கும். மறுநாள் வெளியே அரை அங்குலம் கூடுதலாக இறங்கியிருப்பதைக் கண்டதும் அவருக்கு வரும் பூரிப்பு இருக்கிறதே!

பம்பை நிறுத்தி, தண்ணீர் அசைவு அடங்கியதும் சாயக் குப்பியோடு இறங்குவார். மேல்மட்டத் தண்ணீரை உறிஞ்சும் ஸ்கிம்மர் வாய், தண்ணீர் திரும்பிவரும் துவாரம், சுவரும் தரையும் சேரும் மூலை என்று ஒவ்வோர் இடமாகச் சொட்டு விடுவார். ஓட்டையில்லாத இடத்தில் சாயம் புகையாய்க் கலையும்; இருக்கும் இடத்தில் மெல்லிய சிவப்பு நூலாக இழுபட்டு உள்ளே மறையும். பல வீடுகளில் ஸ்கிம்மர் கேஸ்கட்தான் குற்றவாளி, திருகாணிகளை முடுக்கினாலே அடங்கிவிடும். அவருக்கு அதில் திருப்தி கிடையாது. லைனரில் ஓட்டை வேண்டும்.

“தண்ணீரை வடித்துவிட்டு நிதானமாக ஒட்டலாமே” என்று மைத்துனர் வாய் தவறிச் சொன்னால் தொலைந்தார். பழைய லைனர் வற்றினால் சுருங்கும், மறுபடி நிரப்பும்போது கிழியும் என்ற பாடம், கொல்லை அடுப்பில் வாட்டப் போட்ட இறைச்சி கருகும்வரை நடக்கும். விஷயம் என்னவோ உண்மைதான்.

வினைல் துண்டை வட்டமாக வெட்டுவார். மூலை விட்டால் அங்கிருந்துதான் உரியும். நீருக்கடியில் பிடிக்கும் பசையைத் தடவி, தோசை மாதிரி இரண்டாக மடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுகுவார். ஓட்டை மேல் விரித்து, நடுவிலிருந்து ஓரத்துக்குக் காற்றுக்குமிழை நீவித் தள்ளுவார். பாதியில் மூச்சு முட்டி மேலே வந்து, கடைசி வெயில்வரை இதே நீவல்தான்.

“பேசாமல் லைனரையே மாற்றிவிடலாமே?” என்பாள் மனைவி.

“புதுசா? அதில் நான் கை வைத்தால் வாரண்டி போய்விடுமே!”