நகைப் படலம்: எண்பதுகளின் கேசட்டுகள் குறித்து ஒரு பாடபேத ஆராய்ச்சி

வீட்டுக்கு வந்த விருந்தாளிக்கு எந்தப் பழைய நகைச்சுவைப் படத்தைப் போட்டுக் காட்டுவது என்ற கேள்வி, தமிழாய்வுலகில் இன்னும் உரிய இடம் பெறவில்லை. பெற்றிருந்தால் இதற்குள் இரண்டு கட்சிகளும் நான்கு மறுப்பு நூல்களும் ஒரு மணிவிழா மலரும் வந்திருக்கும். அக்குறையை நீக்க எங்கள் குடும்பம் முன்வந்திருக்கிறது.

முதலில் கால வரையறை. எண்பதுகள் 1989-இல் முடிந்துவிட்டதாகப் பாமரர் கருதுவர். ஆனால் ‘மைக்கேல் மதன காமராஜன்’ 1990 தீபாவளிக்கு வந்த படம். அதை வெளியே நிறுத்த வீட்டில் ஒருவருக்கும் மனம் வரவில்லை. எனவே எண்பதுகள் என்பன 1981 முதல் 1990 வரை எனக் கொள்க (பெரியப்பா, வாய்மொழி, கூடத்து ஊஞ்சல்). சங்க காலத்தைச் சில நூற்றாண்டுகள் முன்னும் பின்னும் இழுத்துப் பட்டம் வாங்கியவர்கள் உள்ள நாட்டில், ஒரு தீபாவளியை இழுப்பதால் குடிமுழுகிவிடாது. இவ்வளவு பாடுபட்டு உள்ளே கொண்டுவந்த பிறகு, அப்படம் எல்லாரும் அறிந்தது என்பதால் ஆய்விலிருந்து நீக்கப்படுகிறது. ‘தில்லு முல்லு’வுக்கும் (1981) அதே கதி.

நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்கிறது தொல்காப்பியம். தொல்காப்பியர் காலத்தில் வீடியோ டெக் இல்லையே என்பர் மாற்றுக் கட்சியார். இல்லை என்பதற்கு அவர்கள் கல்வெட்டுச் சான்று எதுவும் காட்டவில்லை.

எள்ளலுக்கு ‘மணல் கயிறு’ (1982). எட்டு நிபந்தனைகளோடு பெண் தேடும் கிட்டுமணிக்கு (எஸ்.வி.சேகர்), எட்டும் பொருந்திவிட்டதாகப் புளுகிக் கல்யாணத்தை முடித்துவைக்கிறார் நாரதர் நாயுடு (விசு). மெய்ப்பாடும் எட்டு, நிபந்தனையும் எட்டு. இதைத் தற்செயல் என்போர் முனைவர் பட்டத்துக்கு விண்ணப்பிக்க வேண்டாம்.

இளமைக்கு ‘ஆண் பாவம்’ (1985): பெண் பார்க்கப் போனவன் வீடு மாறிப் போகிறான். போதும்.

பேதைமைக்கு ‘இன்று போய் நாளை வா’ (1981). ஒரு பெண்ணுக்காக மூவர் படும் பாடு. அவர்களில் ஒருவர் இந்தி படிக்கும் காட்சிக்கு இன்றுவரை உரை கிடையாது. உரைகாரர் சிரித்து முடிப்பதற்குள் காட்சி முடிந்துவிடுகிறது (சித்தப்பா, உரைப்பாயிரம், இலை போடுவதற்கு முன், தொண்டையைச் செருமிக்கொண்டு).

மடன் குறித்து இளம்பூரணரும் பேராசிரியரும் உரை எழுதினர். எங்கள் மாமா வாழ்ந்து காட்டினார்.

‘பாட்டி சொல்லைத் தட்டாதே’ (1988) எங்கள் பாட்டி பரிந்துரைத்தது. தலைப்பின் காரணமாக மறுப்புக் கட்டுரை எதுவும் வரவில்லை. வசனமே இல்லாத ‘பேசும் படம்’ (1987) சிங்கீதம் சீனிவாசராவ் எடுத்தது. மெய்ப்பாடு என்பது உடம்பில் தெரிவது என்றால் தொல்காப்பியருக்குக் காட்டவேண்டிய படம் இதுதான்.

இனித் தலையாய சிக்கல்: ‘பொய்க்கால் குதிரை’ (1983). கிரேசி மோகனின் ‘மேரேஜ் மேட் இன் சலூன்’ நாடகத்திலிருந்து கே.பாலசந்தர் எடுத்தது. கவிஞர் வாலி நடித்தது. பாலசந்தர் என்றதும் கண்ணீர்ப் படங்களை வரிசையாக ஒப்பிக்கும் அறிஞர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். அவர்கள் கண்ணில் படாததால்தான் படம் இன்னும் சிரிப்பாக இருக்கிறது.

இதற்கு எங்கள் வீட்டில் மூன்று சுவடிகள் உள்ளன, எல்லாம் வீ.எச்.எஸ். கேசட்டுகள். ‘அ’ பிரதி டெக்கில் சிக்கி நசுங்கியது. அதில் வாலி இரண்டு கீற்றாகத் தெரிவார். இது சேதம் என்பர் ஒரு சாரார், கவிஞர் நடிகர் என்னும் இருமை நிலையின் குறியீடு என்பர் கருத்தரங்குக்குப் போய்வந்தோர். ‘ஆ’ பிரதியில் பாதிக்கு மேல் அக்கா கல்யாண ரிசப்ஷன் பதிவாகியிருக்கிறது. வாலி வந்துகொண்டிருந்த இடத்தில் திடீரென்று அப்பா பன்னீர் தெளிக்கிறார். இதுவே இயக்குநர் கருதிய முடிவு என நிறுவுகிறார் அத்தை (சமையற்கட்டு உரை, இரண்டாம் குக்கர் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே, கரண்டியால் சுட்டியது, இதே கருத்து பக்கத்து வீட்டுக் கொடியில் துணி எடுக்கும்போது மறுபதிப்பானது, ஆனால் அங்கே ‘அப்பா’ என்பதற்கு ‘அந்த மனுஷன்’ எனப் பாடம்). அத்தான் இதை மறுக்கிறார். அவருக்குப் படமும் பிடிக்காது, ரிசப்ஷனும் பிடிக்காது. ‘இ’ பிரதி முழுக்கப் பூஞ்சை, எதுவும் தெரியாது. ஆகவே மிகுதியான கட்டுரைகள் அதைப் பற்றியே எழுதப்பட்டுள்ளன.

காட்டும் முறை: விருந்தாளி சிரிக்குமுன் நாம் சிரித்துவிட்டு அவர் முகத்தைப் பார்ப்பது முன்சிரிப்பு எனப்படும். இது பெருங்குற்றம். எங்கள் குடும்பத்தில் இதைச் செய்யாதவர் இலர்.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். ‘பொய்க்கால் குதிரை’யின் பழுதில்லாத பிரதி கிடைத்தால் இன்றே பாருங்கள், எங்களுக்கு அனுப்ப வேண்டாம். எங்கள் சுவடிகளில் இல்லாத காட்சிகள் அனைத்தும் பிற்காலத்தார் இடைச்செருகல் என்று ஏற்கெனவே முடிவு செய்தாயிற்று.